சுவரொட்டியின் கடைசி வரி

தேர்தல் தேதி அறிவித்த அன்று சாயங்காலம் எங்கள் தெருவுக்கு முதலில் வருவது வேட்பாளர் கிடையாது. மாநகராட்சியின் குட்டி லாரிதான். பின்னால் சுண்ணாம்பு கரைத்த டிரம், கழி கட்டிய பிரஷ், ஓர் ஏணி, சுரண்டுவதற்குத் தகடு, செய்த வேலையைப் போட்டோ எடுக்க ஒருவர். சைதாப்பேட்டையில் நான் குடியிருக்கும் தெருமுனையில் மின்சார பில்லர் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, வட்டச் செயலாளர் பிறந்தநாள், டியூஷன் சென்டர், மறுபடி கண்ணீர் அஞ்சலி என்று போஸ்டர் மேல் போஸ்டர் படிந்து அட்டை மாதிரி கனத்துப் போயிருந்தது. போன தடவை தகடு போட்டு நெம்பியதும் பாளமாகக் கழன்று விழுந்தது. நடுவில் பிளந்த இடத்தில், அதற்கு முந்தின தேர்தலில் நின்றவர் இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்து கேட்டார்: "இன்னையிலேர்ந்துதான் போஸ்டர் ஒட்டக் கூடாதாப்பா?"

பிரஷ் பிடித்திருந்தவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "எப்பவுமே கூடாதுங்கய்யா. இன்னையிலேர்ந்துதான் எங்களை அனுப்புறாங்க."

இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமான விளக்கம் இல்லை. தேர்தல் நடத்தை விதிமுறை அமலுக்கு வந்தால் போஸ்டருக்குப் புதிதாகத் தடை வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை அந்தத் தடை பெரும்பாலும் ஏற்கெனவே இருப்பதுதான். தமிழ்நாடு திறந்த வெளிகள் உருக்குலைப்புத் தடுப்புச் சட்டம் 1959-ஆம் வருடத்தியது. பொது இடத்தில் அனுமதியில்லாமல் ஒட்டுவதும் எழுதுவதும் அதன்படி குற்றம். தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள்மேல் பதியப்படும் வழக்குகளில் அடிக்கடி தலைகாட்டுவது இந்தப் பழைய சட்டம்தான். மற்ற நாட்களில் அதைத் தூசு தட்ட யாருக்கும் அவசரம் இல்லை. தேர்தல் ஆணையம் கொண்டுவருவது ஒரு கடிகாரத்தை.

அந்தக் கடிகாரத்தில் மூன்று கெடு. அறிவிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் அரசு அலுவலகங்களிலும் அவற்றின் வளாகங்களிலும் இருக்கும் சுவர் விளம்பரம், போஸ்டர், கட்அவுட், பேனர், கொடி எல்லாம் போக வேண்டும். 48 மணி நேரத்துக்குள் பொது இடங்கள்: பேருந்து நிலையம், ரயில் நிலையம், பாலம், மின்கம்பம், அரசுப் பேருந்து, உள்ளாட்சிக் கட்டடங்கள். 72 மணி நேரத்துக்குள் தனியார் இடங்களில் விதியை மீறி வைத்தவை. சென்னையில் இதற்கெல்லாம் பொறுப்பு மாவட்ட ஆட்சியருக்கு இல்லை. இங்கே மாவட்டத் தேர்தல் அலுவலர் மாநகராட்சி ஆணையர். மற்ற மாவட்டங்களில் ஆட்சியர் பார்க்கும் வேலை இது. சுண்ணாம்பு டிரம்மும் தேர்தல் அதிகாரமும் ஒரே கையில் இருப்பதால் முதல் மூன்று நாளில் நகரம் சட்டென்று வெளுத்துவிடுகிறது.

சரி, பொதுச்சுவர் போகட்டும். என் வீட்டு காம்பவுண்டுச் சுவரை நான் ஒரு கட்சிக்குக் கொடுக்கலாமா? நடத்தை விதிமுறை சொல்வது இவ்வளவுதான்: உரிமையாளர் அனுமதியில்லாமல் யாருடைய நிலத்திலும் கட்டடத்திலும் சுவரிலும் கொடிக்கம்பம் நடவோ, பேனர் கட்டவோ, நோட்டீஸ் ஒட்டவோ, எழுதவோ கட்சிகள் தங்கள் ஆட்களை விடக் கூடாது. இதைப் படித்தால் அனுமதி வாங்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் ஆணையம் இன்னொரு படியும் வைத்திருக்கிறது. உள்ளூர்ச் சட்டம் இடம் கொடுத்தால்தான் உரிமையாளரின் சம்மதத்துக்கு மதிப்பு. அந்தச் சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும், நகல் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் போக வேண்டும். உள்ளூர்ச் சட்டம் கூடாது என்றால் உரிமையாளர் பத்திரம் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அதனால்தான் கிராமப்புறத்தில் வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு சின்னம் வரைகிறார்கள், சென்னைக்குள் தனியார் சுவரிலும் கூடாது என்று அதிகாரிகள் ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். எனக்கு இந்த நகர்ப்புறக் கண்டிப்பு பிடிக்கும். வட்டச் செயலாளர் நாலு பேரோடு வந்து "சார், உங்க செவுரு கொஞ்சம் வேணும்" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் முடியாது என்று சொல்லும் தைரியம் எத்தனை வீட்டுக்கு இருக்கும்? "சட்டத்துலயே கூடாதாம்பா" என்று சொல்லித் தப்பிக்க ஒரு வழி இருப்பது நல்லதுதான்.

சுவரைக் காப்பாற்ற இந்த ஊர் வேறு வழிகளும் பார்த்திருக்கிறது. "விளம்பரம் செய்யாதீர்" என்று எழுதுவது முதல் வழி, அதன் மேலேயே போஸ்டர் ஒட்டப்படும். சாமி படம் பதித்த டைல்ஸ் இரண்டாவது வழி, இது நன்றாகவே வேலை செய்கிறது. மூன்றாவது வழியை மாநகராட்சி கண்டுபிடித்தது. 2009, 2010 வாக்கில் அண்ணா சாலை, காமராஜர் சாலை போன்ற இடங்களில் போஸ்டருக்குத் தடை விதித்து, அந்தச் சுவர்களில் ஓவியர்களைக் கொண்டு கோயில்களும் நடனமும் கிராமத்துக் காட்சிகளும் வரைய வைத்தார்கள். கட்அவுட், பேனர் வரைந்து பிழைத்து, ஃப்ளெக்ஸ் வந்ததும் வேலை போன ஓவியர்கள் பலருக்கு அது கொஞ்ச நாள் கஞ்சி ஊற்றியது. இப்போது போஸ்டர் ஒட்டுபவர்களின் கண் மெட்ரோ தூண்களில் இருக்கிறது. வழவழவென்று, உயரமாக, சிக்னலில் நிற்கிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. அதற்கு மெட்ரோ ரயில் சட்டத்தின்படி தனி வழக்கு.

பேனர் கதை வேறு. போஸ்டர் அசிங்கம் செய்யும், பேனர் ஆளைக் கொல்லும்.

ஒரு காலத்தில் அண்ணா சாலையில் தலைவர்களும் நடிகர்களும் பனைமர உயரத்துக்கு நின்றார்கள். பிளைவுட்டில் வெட்டி, பெயின்ட் அடித்து, சவுக்குக் கம்பில் கட்டிய கட்அவுட்கள். ஒன்றைச் செய்ய நாட்கணக்கில் ஆகும், செலவும் அதிகம். அதனால் எண்ணிக்கையில் ஓர் இயல்பான கட்டுப்பாடு இருந்தது. ஃப்ளெக்ஸ் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு டிசைன் கொடுத்தால் விடிவதற்குள் சாலைத் தடுப்பில் கட்டிவிடலாம். சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்று கணக்கு. தலைவருக்குக் கட்டிய பேனர் தொண்டருக்கும் தொண்டரின் மகளின் சடங்குக்கும் இறங்கி வந்தது இப்படித்தான்.

நீதிமன்றம் இந்தப் பின்னணியில் பலமுறை குறுக்கே வந்திருக்கிறது. 2008-இல் உச்ச நீதிமன்றம் வரை போய் விளம்பர நிறுவனங்கள் தோற்ற பிறகுதான் சென்னையின் ராட்சத ஹோர்டிங்குகள் இறங்கின. டிராஃபிக் ராமசாமி அனுமதியில்லாத பேனர்களுக்கு எதிராக வழக்கு மேல் வழக்கு போட்டார், சில சமயம் தானே போய்க் கிழிக்கவும் செய்தார். டிஜிட்டல் பேனருக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து, காவல்துறையின் தடையில்லாச் சான்று வாங்கி, அனுமதி எண்ணையும் எத்தனை நாளுக்கு என்பதையும் பேனரின் அடியிலேயே அச்சடிக்க வேண்டும் என்று விதிகள் வந்தன. அப்படி எண் அச்சடித்த பேனரை நான் தேடிப் பார்த்திருக்கிறேன். அரிதாகக் கண்ணில் பட்டதுண்டு. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கட்சிகள் பேனர் வைக்கவே இடைக்காலத் தடை போட்டது.

அதற்கு அப்புறமும்தான் 2019 செப்டம்பர் 12 நடந்தது. பல்லாவரம்–துரைப்பாக்கம் ரேடியல் சாலையில், பள்ளிக்கரணையில், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காக நடுத்தடுப்பில் கட்டியிருந்த பேனர், ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் சரிந்தது. தடுமாறி விழுந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. சாலையில் பூச இன்னும் எத்தனை லிட்டர் ரத்தம் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் அரசைக் கேட்டது. இனி பேனர் வைக்காதீர்கள் என்று இரண்டு பெரிய கட்சிகளும் தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. அடுத்த மாதமே சீன அதிபரும் பிரதமரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, வரவேற்பு பேனர் வைக்க வழி கேட்டு அரசே நீதிமன்றப் படி ஏறியது. பேனர் இல்லாமல் விருந்தாளியை வரவேற்கத் தெரியாத ஊராகிவிட்டோமோ என்று அப்போது தோன்றியது.

தேர்தல் நேரத்தில் பேனருக்கு அளவுநாடாவும் உண்டு. தற்காலிகக் கட்சி அலுவலகத்தில் ஒரு கொடி, ஒரு பேனர், அதுவும் 4 அடிக்கு 8 அடிக்கு மேல் போகக் கூடாது. கோயில், மசூதி, தேவாலயம், பள்ளி, மருத்துவமனையை ஒட்டி அலுவலகமே போடக் கூடாது. பிரசார டூவீலரில் 1 அடிக்கு அரை அடிக் கொடி ஒன்றுதான். ஓட்டுப்போடும் நாளில் வாக்குச்சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்சி நோட்டீஸ், சின்னம் எதையும் காட்டக் கூடாது என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு. சின்னம் விஷயத்தில் சென்னை ஒரு வேடிக்கையையும் பார்த்தது. 2014 மக்களவைத் தேர்தலின்போது மாநகரச் சிற்றுந்துகளில் வரைந்திருந்த பச்சை இலைகள் இரட்டை இலையை நினைவூட்டுகின்றன என்று புகார் கிளம்பி, பஸ் பஸ்ஸாக இலைகளை மறைத்தார்கள்.

இதுவரை பார்த்தது சுவர் யாருடையது என்ற கேள்வி. இதில் மாட்டினால் வழக்கு, அபராதம், இழுத்தடிப்பு. பழக்கப்பட்ட கட்சிக்காரர் இதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார். அவர் பயப்படுவது போஸ்டரின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரிகிற அளவில் இருக்கும் ஒரு வரிக்கு.

திருவல்லிக்கேணியில் என் நண்பர் ஒருவர் சின்ன ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். தேர்தல் சீசனில் ஒரு நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். கரை வேட்டி கட்டிய இளைஞர் ஒருவர் பென் டிரைவோடு வந்தார். டபுள் டெமி போஸ்டர், அவசரம், ராத்திரிக்குள் வேண்டும். டிசைனைத் திரையில் பார்த்த நண்பர், "கீழே பேரு எங்க தம்பி?" என்றார்.

"அது வேணாம்ணே. ஒரு வரிதானே, எடம் அடைக்குது."

"அந்த ஒரு வரி இல்லாம அடிச்சுக் கொடுத்தா உங்க ஆளு கோட்டைக்குப் போவாரு, நான் கோர்ட்டுக்குப் போவேன்."

அந்த வரியில் இருக்க வேண்டியது அச்சடித்தவர் பெயர், முகவரி, வெளியிடுபவர் பெயர், முகவரி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 127-ஏ பிரிவு. 1961-இல் சேர்த்தது. வெளியிடுபவர் தான் யார் என்று கையெழுத்துப் போட்டு உறுதிமொழி தர வேண்டும், அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சடித்த பிறகு பிரஸ்காரர் போஸ்டரையும் உறுதிமொழியையும் அனுப்பி வைக்க வேண்டும். எங்கே என்பதில் தலைநகருக்கென்று தனி ஏற்பாடு: மற்ற ஊர்களில் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு, மாநிலத் தலைநகரில் அச்சடித்தால் நேரே தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூட்டம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று மட்டும் சொல்லும் பிட் நோட்டீசுக்கு இந்த விதி பொருந்தாது. 2024 மக்களவைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது, ஹோர்டிங்குகளிலும் இந்த வரி கட்டாயம் என்று ஆணையம் தெளிவுபடுத்தியது. அதற்கு முன்னால் யார் வைத்தது என்றே தெரியாமல் எதிராளியைத் தாக்கும் ஹோர்டிங்குகள் சில நகரங்களில் முளைத்திருந்தன.

2,000 ரூபாய் இந்தக் காலத்தில் ஒரு தொகை இல்லை. அப்புறம் ஏன் அந்த இளைஞருக்கு அந்த வரி வேண்டாம்? நண்பர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினார். எத்தனை பிரதி, எவ்வளவு ரூபாய் வாங்கினாய் என்று இரண்டு கட்டங்கள். விஷயம் அங்கே இருக்கிறது. பெயர் போட்டால் படிவம், படிவம் போனால் எண்ணிக்கை, எண்ணிக்கை போனால் செலவுக் கணக்கு.

தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்ற வேட்பாளர் 40 லட்ச ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது, மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம். 2022-இல் உயர்த்திய வரம்பு இது. தொகுதியில் இரண்டு லட்சம் வாக்காளர் என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 20 ரூபாய். டீ, வண்டி, மைக் செட், பந்தல், பூத் ஆள் எல்லாம் அதற்குள். போஸ்டர் ஒரு சதுர அடி எவ்வளவு, கொடி ஒன்று எவ்வளவு, பேனர் எவ்வளவு என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் போட்டு வைத்திருப்பார். வீடியோ குழு எடுத்து வந்த படத்தை உட்கார்ந்து பார்த்து, பட்டியல் விலையைப் போட்டு, வேட்பாளர் பெயரில் தேர்தல் அதிகாரிகளே ஒரு நிழல் பதிவேடு எழுதுவார்கள். வேட்பாளர் கொடுக்கும் கணக்கும் அதுவும் ஒத்துப் போக வேண்டும். ஒட்டியதை அகற்ற மாநகராட்சிக்கு ஆன செலவும் சேர்ந்துகொள்ளும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கில் கோட்டை விட்டால் மூன்று வருடம் வரை தேர்தலில் நிற்கவே தகுதி போய்விடும். மிரட்டல் இதுதான், 2,000 ரூபாய் கிடையாது.

இந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் கட்சிக்காரர்களின் சாமர்த்தியம் இருக்கிறது. செலவுக் கணக்கு வேட்புமனு தாக்கல் செய்த நாளிலிருந்துதான் ஓடும். அறிவிப்புக்கும் மனுவுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. முன்னாடியே அச்சடித்தாலும் மனுவுக்குப் பிறகு பயன்படுத்தினால் கணக்கில் வரும் என்று விதி சொல்கிறது. எப்போது அடித்தது என்பதை அச்சு மை வாசனையை வைத்தா கண்டுபிடிக்க முடியும்? இன்னொரு வழி, வேட்பாளர் முகமே இல்லாத போஸ்டர். தலைவர் படம், சின்னம், "வாக்களிப்பீர்". வேட்பாளரைக் குறிப்பிடாத பொதுவான கட்சிப் பிரசாரம் கட்சிக் கணக்கில் போகும், கட்சிக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்த தேர்தலில் தெருவில் நடக்கும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். மூலையில் வேட்பாளரின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பொறுப்பில்லாத தொண்டர் அடித்தது, இல்லாவிட்டால் ஆடிட்டரைக் கேட்டு அடித்தது.

"எனக்குத் தெரியாது, யாரோ ஆதரவாளர் ஒட்டியிருக்கிறார்" என்றும் சொல்லலாம். அந்த ஆதரவாளருக்கும் ஒரு பிரிவு காத்திருக்கிறது. வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் அவருக்காகச் செலவு செய்வது இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-எச் ஆக இருந்தது, 500 ரூபாய் அபராதம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 176, அபராதம் 10,000 வரை. எதிராளியே நம் போஸ்டரை நாலு மடங்கு அடித்து ஊரெல்லாம் ஒட்டி நம் கணக்கை வீங்க வைத்தால் என்ன ஆவது என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "அதுக்குத்தான் சார் அந்த வரி" என்றார்.

நாமும் புகார் கொடுக்கலாம். தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் இடத்திலேயே நின்று போட்டோ எடுத்து அனுப்பினால் பறக்கும் படை வந்து பார்த்து 100 நிமிடத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். போனில் சொல்ல 1950 என்ற எண்ணும் இருக்கிறது. நான் ஒரு முறை அனுப்பினேன். வந்தார்கள், கிழித்தார்கள், கிழித்ததைப் படம் எடுத்தார்கள். ஒன்று மட்டும், எதிர்க்கட்சிப் போஸ்டரைக் கட்சிக்காரர் தானே போய்க் கிழிக்கக் கூடாது. ஒரு கட்சியின் போஸ்டரை இன்னொரு கட்சியின் ஆட்கள் அகற்றக் கூடாது என்றும் நடத்தை விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது.

போன தேர்தல் முடிவு வந்த இரண்டு நாள் கழித்து, விடிகாலை நாலு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு பையன் வண்டியை ஸ்டாண்டு போட்டு, மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை வாளியோடு எங்கள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சுண்ணாம்பு அடித்த சுவர், பளிச்சென்று இருந்தது. "வாக்களித்த பெருமக்களுக்கு நன்றி" போஸ்டர். ஒன்றை வாங்கி அடியில் பார்த்தேன். அச்சகம் பெயர் இல்லை. ஜெயித்த பிறகு சொல்லும் நன்றி யாருடைய வெற்றிக்கும் பிரசாரம் இல்லை, அதனால் 127-ஏ அதற்குப் பொருந்தாது.

"கேட்டுப் பக்கம் ஒட்டல சார், இந்த மூலைல மட்டும்" என்றான் பையன். பில்லர் பாக்ஸில் ஏற்கெனவே ஒட்டி முடித்திருந்தான்.